புரிந்ததா, மனப்பாடமா? உயிர்ச் செயல்களிலும் அன்றாட அறிவியலிலும் பிள்ளைகளைச் சோதிப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் யாருக்கு?

ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை அறிவியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு. மாலை நேர மையங்களில் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலர்களுக்கு. "எல்லாம் படிச்சு முடிச்சுட்டேன்" என்று பிள்ளை புத்தகத்தை மூடியதும் அடுத்து என்ன கேட்பது என்று யோசிக்கும் பெற்றோருக்கும்தான். இங்கே வரும் கேள்விகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றியும் கேட்கலாம்.

என் மகள் அறிவியலில் தொண்ணூறுக்குக் குறைந்து எடுத்ததே இல்லை. அவளுக்கு வேறு சோதனை எதற்கு?

அவளிடம் இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். முதல் கேள்வி: "சுவாசித்தல் என்றால் என்ன?" வரி பிசகாமல் சொல்லிவிடுவாள். இரண்டாவது: "அடுக்களையில் ஈரத்துணியில் முடிந்து வைத்திருக்கும் பச்சைப்பயறு இப்போது சுவாசிக்கிறதா?" இந்த இடத்தில் பல பிள்ளைகள் தயங்கும். மூக்கு இல்லை, நுரையீரல் இல்லை, பயறு எப்படிச் சுவாசிக்கும் என்று திருப்பிக் கேட்கும். பாடத்தில் "எல்லா உயிரினங்களும் சுவாசிக்கின்றன" என்ற வரியை அதே பிள்ளைதான் அடிக்கோடிட்டிருக்கும்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண், செய்முறை 25. எழுத்துத் தேர்வில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 12. பாடப் பின்பக்க வினாக்களையும் பழைய வினாத்தாள்களையும் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தவர்கள் இதில் நன்றாகத் தேறிவிடலாம். அது தேர்வின் குற்றம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. லட்சக்கணக்கான விடைத்தாள்களைச் சில வாரங்களில் திருத்த வேண்டுமென்றால் விடைக்குறிப்பு ஒரே மாதிரி இருந்தாக வேண்டும். ஆனால் அந்த மதிப்பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு "புரிந்துவிட்டது" என்று முடிவுகட்ட முடியாது.

2009ஆம் ஆண்டுச் சுற்று பீசா தேர்வில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்றன. பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு வைக்கும் சர்வதேசத் தேர்வு அது. படித்ததை அறிமுகமில்லாத சூழலில் பொருத்திப் பார்க்கச் சொல்லும் கேள்விகள் அதில் அதிகம். எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகள், பகுதிகள் கொண்ட பட்டியலில் நம் இரு மாநிலங்களும் கடைசி வரிசையில் வந்தன. கேள்விகள் நம் பிள்ளைகளின் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று அப்போது வாதம் எழுந்தது. அதில் நியாயம் இருக்கிறது. அப்படியானால் நம் சூழலுக்குப் பொருந்தும் கேள்விகளை நாமே கேட்டுப் பார்க்கலாமே.

அப்படியென்றால் மனப்பாடம் செய்வதே தப்பா?

இல்லை. இதயத்தில் நான்கு அறைகள், காற்றில் ஏறக்குறைய 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். இதையெல்லாம் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, தெரிந்துதான் வைத்திருக்க வேண்டும். பெயரும் எண்ணும் மனதில் இல்லாத பிள்ளையால் யோசிக்கவும் முடியாது. மனப்பாடத்தைத் திட்டுவது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது, அவ்வளவுதான்.

புரிதலைச் சோதிக்கும் கேள்வி எப்படி இருக்க வேண்டும்?

பிள்ளைக்குத் தெரிந்த பொருளாக இருக்க வேண்டும், பாடப்புத்தகத்தில் இல்லாத கேள்வியாக இருக்க வேண்டும். "என்ன ஆகும்?" என்று முதலில் ஊகிக்கச் சொல்ல வேண்டும். "ஏன்?" என்று அடுத்துக் கேட்க வேண்டும். நான் மிகவும் மதிக்கும் கேள்வி முளைப்பாரியைப் பற்றியது.

அம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி வளர்ப்பதைக் கிராமத்துப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். நவதானியத்தை எருவும் வைக்கோலும் போட்ட சட்டியில் விதைத்து, வெளிச்சம் புகாத அறையில் வைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். சில நாட்களில் வெளிர் மஞ்சளாக, நெடுநெடுவென்று வளர்ந்து நிற்கும். இப்போது கேள்வி: "விதைத்த தானியத்தைக் காயவைத்து எடை போட்டிருக்கிறோம். வளர்ந்த முளைப்பாரியையும் வேரோடு எடுத்து மண்ணைக் கழுவி, ஈரமே இல்லாமல் உலர்த்தி எடை போடுகிறோம். எடை கூடியிருக்குமா, குறைந்திருக்குமா, அப்படியே இருக்குமா?"

"கூடியிருக்கும், செடி வளர்ந்திருக்கிறதே" என்பது பெரும்பாலானவர்களின் விடை. சரியான விடை, குறைந்திருக்கும். இருட்டில் ஒளிச்சேர்க்கை இல்லை, புதிதாக உணவு எதுவும் உருவாகவில்லை. விதைக்குள் சேர்த்துவைத்திருந்த மாவுப்பொருளைக் கொண்டே முளை நீண்டிருக்கிறது. அதில் ஒரு பகுதி சுவாசித்தலில் செலவாகிக் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் வெளியேறியிருக்கிறது. உயரமாகத் தெரிவதெல்லாம் உறிஞ்சிய தண்ணீர். உலர்த்தினால் அது போய்விடும்.

இந்த ஒரே கேள்வியில் ஒளிச்சேர்க்கை, சுவாசித்தல், முளைத்தல், பச்சையம் உருவாக ஒளி தேவை என்பது எல்லாம் சோதிக்கப்பட்டுவிடுகின்றன. அதைவிட முக்கியம், தவறாகச் சொன்ன பிள்ளை எதைத் தவறாக நினைக்கிறது என்பதும் தெரிந்துவிடுகிறது. "மண்ணிலிருந்து எடை வந்தது" என்று ஒருவன் சொல்வான். "தண்ணீர்தான் எடை" என்று இன்னொருத்தி சொல்வாள். "எடை மாறாது, விதைதானே செடியாச்சு" என்று மூன்றாவது பிள்ளை சொல்லும். இந்த மூன்றுக்கும் ஒரே பூஜ்ஜியம் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனால் கேள்வி கேட்டதே வீண். உண்மையில் மூன்றாவது பிள்ளை மற்ற இருவரையும்விட விடைக்குப் பக்கத்தில் நிற்கிறது. காற்றாக வெளியேறிய பங்கை மட்டும்தான் அது கணக்கில் எடுக்கவில்லை.

"மண்ணிலிருந்துதான் மரத்துக்கு எடை வருகிறது" என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையே சொல்கிறதே?

பெரியவர்களும் சொல்வார்கள். உரம் போடுகிறோம், செடி பெருக்கிறது. கண் பார்ப்பது அதைத்தான்.

வான் ஹெல்மான்ட் செய்த பரிசோதனையைக் கதையாகச் சொல்லி, முடிவை மட்டும் மறைத்துவிட்டு ஊகிக்கச் சொல்லுங்கள். பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த அவர் ஒரு தொட்டியில் 200 பவுண்டு உலர்ந்த மண் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோக் கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்குச் சற்று அதிகமானது. நம் கணக்கில் ஏறக்குறைய 77 கிலோ. மண் எவ்வளவு குறைந்திருக்கும்? இந்த இடத்தில் நிறுத்தி, எல்லோரையும் ஓர் எண்ணை எழுதச் சொல்ல வேண்டும். குறைந்தது இரண்டே அவுன்ஸ், அதாவது 60 கிராமுக்கும் குறைவு.

அவர் "மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது" என்று முடிவு செய்தார். அந்த முடிவு 1648இல், அவர் இறந்த பிறகு, அச்சில் வந்தது. இரண்டாவது கேள்வி இதிலிருந்து வருகிறது: "அவர் எதைக் கணக்கில் சேர்க்கவில்லை?" விடை காற்று. கரியை எரித்தால் வரும் வாயுவுக்குத் தனிப் பெயர் வைத்து ஆராய்ந்தவரே அவர்தான். அதே வாயுவிலிருந்துதான் தம் மரத்தின் எடையில் பெரும்பங்கு வந்தது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அவருக்கே எட்டாதது நம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு உடனே எட்டவில்லை என்றால் கோபப்பட ஒன்றுமில்லை.

"செடி பகலில் ஆக்சிஜன் விடும், இரவில் கார்பன் டை ஆக்சைடு விடும்." இது சரிதானே?

பாதி சரி, அதனால்தான் திருத்துவது கடினம். செடி இரவும் பகலும் இடைவிடாமல் சுவாசிக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கை அதைவிட வேகமாக நடப்பதால் மொத்தத்தில் ஆக்சிஜன் வெளியே வருகிறது. இரவில் ஒளிச்சேர்க்கை நின்றுவிடுவதால் சுவாசித்தல் மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. "செடி பகலில் சுவாசிக்காது" என்று பிள்ளை புரிந்துகொண்டிருந்தால் மேலே சொன்ன வாசகமே அதற்குக் காரணமாக இருக்கலாம். சோதிக்க எளிய கேள்வி: "நண்பகல் பன்னிரண்டு மணிக்கு வேப்பமர இலை ஒன்று சுவாசிக்கிறதா?" கூடவே, "அதே நேரத்தில் அந்த மரத்தின் வேர்?" வேருக்கு ஒளி இல்லை, பச்சையம் இல்லை, ஆனால் ஆக்சிஜன் வேண்டும். தொட்டியில் தண்ணீர் தேங்கினால் செடி வாடிப்போவது இதனால்தான். "தண்ணீர் நிறைய இருக்கிறது, பிறகு ஏன் வாடுகிறது?" என்ற கேள்வியை மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே கேட்கலாம்.

இங்கே ஒரு புகார். "இரவில் புளியமரத்தடியில் படுத்தால் பேய் அமுக்கும் என்பார்கள், அது கார்பன் டை ஆக்சைடுதான்" என்ற விளக்கம் பகுத்தறிவு போல வகுப்புகளில் உலவுகிறது. திறந்த வெளியில் காற்று கலந்துகொண்டே இருக்கிறது. மரம் இரவில் விடும் கார்பன் டை ஆக்சைடு அடியில் தேங்கி ஆளை அமுக்கும் அளவுக்குச் சேராது. படுக்கையறையில் ஒரு தொட்டிச் செடி விடுவதைவிடப் பக்கத்தில் படுத்திருக்கும் தம்பி விடுவது அதிகம். பேய்க்குப் பதிலாக ஒரு தப்பான அறிவியலை வைப்பதால் லாபமில்லை. இந்த விளக்கத்தையே கேள்வியாக்கலாம்: "இதை நம்புகிறாயா? எப்படிச் சரிபார்ப்பாய்?"

மூச்சு விடுவதும் சுவாசித்தலும் ஒன்றுதானே என்று பிள்ளை கேட்டால்?

மூச்சு என்பது காற்று உள்ளே போய் வெளியே வருவது. சுவாசித்தல் செல்லுக்குள் உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் வேலை. இதைச் சொல்லிக்கொடுத்து மனப்பாடம் செய்யவைத்தால் மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிடுவோம்.

கேட்டுப் பாருங்கள்: "நாம் வெளியே விடும் மூச்சில் ஆக்சிஜன் இருக்கிறதா?" இல்லை, கார்பன் டை ஆக்சைடுதான் இருக்கிறது என்பார்கள். உள்ளே இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம் என்றால் வெளியே விடும் காற்றில் சுமார் 16 சதவீதம் இன்னும் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்குப் போகிறது. நைட்ரஜன் அப்படியே திரும்பி வருகிறது. இதை எண்ணாகச் சொல்வதற்கு முன், "நீரில் மூழ்கியவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதுகிறார்களே, வெறும் கார்பன் டை ஆக்சைடு என்றால் அது எப்படி உதவும்?" என்று கேட்டால் பிள்ளை தானே தன் விடையைச் சந்தேகிக்கும். அந்தச் சந்தேகம் வந்த பிறகு எண்ணைச் சொன்னால் மறக்காது.

செய்து பார்க்க விரும்பினால், வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி ஓர் இரவு தெளியவிட்டு மேலே உள்ள தெளிந்த நீரை இரண்டு பாட்டில்களில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் உறிஞ்சுகுழலால் ஊத வேண்டும், இன்னொன்றில் சைக்கிள் பம்பால் காற்றடிக்க வேண்டும். ஊதிய பாட்டில் சீக்கிரம் பால்போலாகிவிடும், பம்படித்தவருக்குக் கைதான் வலிக்கும். பம்பு பாட்டில் எதற்கு என்று பிள்ளையிடம் கேளுங்கள். அதற்குச் சரியாக விடை சொல்லத் தெரிந்தால் அறிவியலில் பாதி வந்துவிட்டது. சுண்ணாம்பு நீரை உறிஞ்சிவிடாமல் ஊத மட்டும் வேண்டும் என்று முன்பே எச்சரித்துவிடுங்கள். கண்ணிலும் படக்கூடாது.

செரிமானம், இரத்த ஓட்டம் ஆகியவற்றில் என்ன கேட்கலாம்?

வரையச் சொல்லுங்கள். உடலின் வெளிக்கோட்டை மட்டும் கொடுத்து, "ஒரு வாய் இட்லியும் ஒரு மடக்குத் தண்ணீரும் போகும் வழியை வரை" என்று சொன்னால் போதும். புத்தகப் படத்தில் பாகங்களைச் சரியாகக் குறித்த பிள்ளைகளில் சிலர் இங்கே இரண்டு குழாய் போடுவார்கள். ஒன்று இட்லிக்கு, ஒன்று தண்ணீருக்கு. தண்ணீர்க் குழாய் நேராகச் சிறுநீர்ப்பைக்குப் போகும். இரத்தம் என்ற ஒன்று நடுவில் வராது. குடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வடித்து என்ற நீண்ட வழி அவர்கள் மனதில் இல்லை. மூன்று பாடங்களைத் தனித்தனியாகப் படித்ததன் விளைவு இது.

சோற்றை வெகுநேரம் மென்றால் ஏன் இனிக்கிறது என்பது பழைய கேள்வி, இன்றும் நல்ல கேள்வி. உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைக்கத் தொடங்கிவிடுகிறது.

சிரைகளில் ஓடும் இரத்தம் நீலம் என்று எழுதினால் புத்தகப் படத்தின் நீல வண்ணத்தைத்தான் குறை சொல்ல வேண்டும். பரிசோதனைக் கூடத்தில் ஊசி போட்டு எடுத்த இரத்தம் என்ன நிறத்தில் இருந்தது என்று நினைவுபடுத்துங்கள். அது சிரையிலிருந்து எடுத்ததுதான். கருஞ்சிவப்பாக இருந்திருக்கும்.

ஆறாம் வகுப்புக்கு எங்கிருந்து தொடங்குவது?

உயிருள்ளது, உயிரற்றது. மேசையில் பொருட்களை வைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். கல், செடி என்று வைத்தால் யாரும் தடுமாற மாட்டார்கள். தயிர், உலர்ந்த கொண்டைக்கடலை, எரியும் மெழுகுவர்த்தி, பறித்த வெண்டைக்காய், கற்கண்டு வையுங்கள். நெருப்பு அசைகிறது, வளர்கிறது, ஆக்சிஜன் எடுக்கிறது, பக்கத்தில் இருப்பதைப் பற்றிப் பெருகவும் செய்கிறது. அப்படியென்றால் உயிருள்ளதா? கொண்டைக்கடலை எதுவுமே செய்யாமல் கிடக்கிறது. அது செத்துவிட்டதா? இங்கே பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் வாதாட வேண்டும், நீங்கள் நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்லாமல் இருந்தாலே போதும். ஊறவைத்து முளைத்தால் தெரிந்துவிடும் என்று யாராவது சொல்லும்வரை காத்திருங்கள்.

அன்றாட அறிவியலில் கேட்பதற்கு வீட்டில் என்ன இருக்கிறது?

நிறைய. ஆரத்தித் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பு. மஞ்சள் ஒரு நிறங்காட்டி, காரத்தில் சிவக்கும் என்று பாடத்தில் இருக்கிறது. "இந்தத் தட்டில் எலுமிச்சைச் சாறு பிழிந்துகொண்டே போனால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். மறுபடி மஞ்சளாகும். பிறகு, "சாம்பார் பட்ட வெள்ளைச் சட்டையில் சோப்புப் போட்டதும் கறை சிவந்ததே, அது ஏன்?" இரண்டையும் ஒரே விதியால் விளக்கத் தெரிந்த பிள்ளைக்கு அமிலம், காரம் புரிந்திருக்கிறது.

ஐஸ் கட்டியைக் கம்பளியில் சுற்றினால் சீக்கிரம் உருகுமா, மெதுவாக உருகுமா? கம்பளி சூடு தரும் என்று நினைக்கும் பிள்ளை சீக்கிரம் உருகும் என்று சொல்லும். கம்பளி வெப்பத்தைக் கடத்தாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். மீன்காரர் ஐஸ் பெட்டியின் மேல் சாக்குப் போர்த்தியிருப்பதும் அதற்குத்தான்.

தட்டில் தண்ணீர், நடுவில் மெழுகுவர்த்தி, மேலே கவிழ்த்த கண்ணாடித் தம்ளர். சுடர் அணைந்ததும் தண்ணீர் உள்ளே ஏறும். "ஆக்சிஜன் முழுவதும் தீர்ந்தது, அந்த ஐந்தில் ஒரு பங்கு இடத்தைத் தண்ணீர் பிடித்தது" என்று ஆசிரியர்களே விளக்குவதுண்டு. அது சரியல்ல. ஆக்சிஜன் முழுவதும் தீரும் முன்பே சுடர் அணைந்துவிடுகிறது. சுடரால் சூடான காற்று விரிந்து, கொஞ்சம் குமிழியாக வெளியே போய்விடுகிறது. அணைந்த பிறகு உள்ளே உள்ள காற்று குளிர்ந்து சுருங்குவதால்தான் பெரும்பாலும் தண்ணீர் ஏறுகிறது. இதைச் சொல்லிவிடாமல் கேள்வியாக்குங்கள்: "ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவர்த்தி வைத்தால் தண்ணீர் ஏறும் அளவு மாறுமா?" ஆக்சிஜன்தான் காரணம் என்றால் மாறக்கூடாது, தம்ளருக்குள் இருப்பது அதே அளவு ஆக்சிஜன்தானே. வைத்துப் பாருங்கள், கூடுதலாக ஏறும்.

வானத்தைப் பற்றி ஒன்று: "கோடையில் ஏன் வெயில் அதிகம்?" பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போவதால் என்பார்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தையொட்டி, ஏறக்குறைய 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில். நமக்கு அது மார்கழிக் குளிர். மிகத் தொலைவில் இருப்பது ஜூலையில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டர். காரணம் தொலைவு அல்ல, பூமியின் அச்சுச் சாய்வு. 1987இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் 23 பேரிடம் பருவங்கள் அல்லது நிலவின் பிறைகள் பற்றிக் கேட்டு ஓர் ஆவணப்படத்துக்காகப் பதிவு செய்தார்கள். 21 பேர் தவறாக விளக்கினார்கள். உங்கள் பிள்ளை தவறாகச் சொன்னால் நல்ல துணையோடுதான் இருக்கிறது.

எங்கள் பள்ளியில் ஒரு மதிப்பெண் வினாத்தாள்தான் வைக்க முடியும். ஒரு வகுப்பில் ஐம்பது பேர். என்ன செய்வது?

ஒரு மதிப்பெண் வினாவையே இரண்டு அடுக்காக மாற்றுங்கள். முதல் அடுக்கில் விடை, இரண்டாம் அடுக்கில் அந்த விடைக்கான காரணம். இரண்டும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். ஒளிச்சேர்க்கை, சுவாசித்தல் குறித்து ஆஸ்திரேலியாவில் ஹாஸ்லமும் டிரெகஸ்ட்டும் 1987இல் இத்தகைய இரண்டடுக்கு வினாத்தாள் ஒன்றை வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு பல நாடுகளில் இந்த முறை பரவியது. நான்கு விடை உள்ள கேள்வியில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் நூற்றுக்கு இருபத்தைந்து கிடைக்கும். நான்கு விடை, நான்கு காரணம் என்று வைத்தால் அது ஆறு சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும்.

இதில் உழைப்பு எல்லாம் தவறான விடைகளை எழுதுவதில்தான். "இதயம் எத்தனை அறை?" என்று கேட்டு 4, 40, 400, 4000 என்று கொடுப்பவர்களும் உண்டு. அதனால் எதுவும் தெரியாது. ஒவ்வொரு தவறான விடையும் ஏதாவது ஒரு பிள்ளை உண்மையாகவே நம்பும் விடையாக இருக்க வேண்டும். அது உங்கள் மேசையில் உட்கார்ந்து யோசித்தால் கிடைக்காது. முதல் ஆண்டு "ஏன்?" என்று திறந்த கேள்வியாகக் கேட்டு, பிள்ளைகள் எழுதியதை அவர்கள் சொற்களிலேயே குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த ஆண்டுக்கான வினாத்தாள் தயாராகிவிடும்.

கூற்று – காரணம் வகை வினா இதே வேலையைச் செய்கிறதே?

செய்ய வேண்டியது. ஆனால் "கூற்று சரி, காரணம் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது" என்ற விடையே பல வினாத்தாள்களில் திரும்பத் திரும்பச் சரியாக வருவதால், யோசிக்காமல் அதைக் குறித்துவிட்டுப் போகப் பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள். கூற்றும் காரணமும் தனித்தனியாகச் சரி, ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்ற வகையை அதிகமாக வையுங்கள். அங்கேதான் புரிதல் தெரியும்.

பேச்சுத் தமிழில் எழுதினால் மதிப்பெண் கொடுக்கலாமா?

தாராளமாக. "வெதைக்குள்ள இருந்த சாப்பாட்ட தின்னுதான் மொளச்சுது, அதான் எடை கொறஞ்சுது" என்று எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண். "ஒளிச்சேர்க்கையின்மையால் உயிர்வளிச் செயல்பாடுகள் பாதிக்கப்படுகின்றன" என்று எழுதிய பிள்ளையைக் கூப்பிட்டு, என்ன சொல்ல வருகிறாய் என்று கேளுங்கள். கலைச்சொல்லைத் தனியாக இன்னொரு நாள் சோதிக்கலாம்.

ஆய்வகம் இல்லை. செய்முறைக்கு என்ன வழி?

மாவுப்பொருள் சோதனைக்குப் பெட்டாடின் மருந்தில் தண்ணீர் கலந்தால் போதும். இட்லி, உருளைக்கிழங்கு, சோறு வடித்த கஞ்சி எல்லாவற்றிலும் கருநீலம் தரும். வெள்ளரிக்காயிலும் சர்க்கரையிலும் அந்த நிறம் வராது. இலையில் ஸ்டார்ச் இருப்பதைக் காட்டும் சோதனைக்குப் பச்சையத்தை ஸ்பிரிட்டில் போக்க வேண்டும். ஸ்பிரிட்டை நேரடித் தீயில் வைக்கவே கூடாது. கொதித்த நீரை இறக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, அந்த நீருக்குள் ஸ்பிரிட் குழாயை நிறுத்த வேண்டும். இதை ஆசிரியர் மட்டும் செய்ய வேண்டும், பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கலாம்.

நாடித்துடிப்புக்குக் கருவியே வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போது ஒரு நிமிடம் எண்ணி, ஸ்கிப்பிங் ஆடிவிட்டு மறுபடி எண்ணி, எவ்வளவு நேரத்தில் பழைய எண்ணுக்குத் திரும்புகிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். தசை வேலை செய்தால் இதயம் ஏன் வேகமாக அடிக்க வேண்டும் என்று அதன்பின் கேளுங்கள்.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

ஊகத்துக்கு ஒன்று, காரணத்துக்கு இரண்டு. ஊகம் தப்பாக இருந்தாலும் காரணம் ஒழுங்காக யோசிக்கப்பட்டிருந்தால் அதில் ஒன்றாவது கொடுங்கள். ஊகம் சரி, காரணமே இல்லை என்றால் ஒன்றோடு நிறுத்திவிடுங்கள். வளரறி மதிப்பீட்டுக்கு இது பொருந்தும். பருவத்தேர்வில் இதைக் கலக்க வேண்டாம். மதிப்பெண் பயம் வந்தால் பிள்ளை தான் நினைப்பதை எழுதாது, நீங்கள் எதிர்பார்ப்பதைத்தான் எழுதும்.

நான் படிக்காத ஆள். பிள்ளை சொல்வது சரியா தப்பா என்று எனக்கே தெரியாதே?

தெரிய வேண்டியதில்லை. "எனக்குப் புரியுற மாதிரி சொல்லு" என்று கேட்டு, புரியாத இடத்தில் "அது எப்படி?" என்று நிறுத்துங்கள். இரண்டு "அது எப்படி?"க்குத் தாக்குப்பிடித்தால் பிள்ளைக்கு ஓரளவு தெரிந்திருக்கிறது. "புக்குல அப்படித்தான் போட்டிருக்கு" என்று வந்துவிட்டால் அந்தப் பாடத்தை ஆசிரியரிடம் மறுபடி கேட்கச் சொல்லி அனுப்புங்கள். விதைப்பு, எரு, உழவு, பால் உறை ஊற்றுவது, மாவு புளிப்பது ஆகியவற்றில் உங்களுக்குத்தான் அனுபவம் அதிகம். குளிர்காலத்தில் தோசை மாவு ஏன் சீக்கிரம் புளிப்பதில்லை என்று நீங்கள் கேட்டால் போதும். மாவைப் புளிக்கவைப்பவை உயிருள்ள நுண்ணுயிரிகள், குளிரில் அவற்றின் வேலை மந்தமாகும் என்ற விடைக்குப் பிள்ளை வந்து சேர வேண்டும்.

இந்தச் சோதனையைப் பாடம் நடத்துவதற்கு முன் வைப்பதா, பின் வைப்பதா?

இரண்டு முறையும், அதே கேள்விகளை வைத்து. முன்னால் வைப்பது பிள்ளை எதை நம்பிக்கொண்டு வகுப்புக்குள் வருகிறது என்று பார்க்க, அதற்கு மதிப்பெண் கிடையாது. பாடம் முடிந்த மறுநாளே மறுபடி வைத்தால் நேற்றுச் சொன்னது திரும்பி வரும். ஒரு மாதமாவது விட்டு வையுங்கள். முதல் தாளையும் இரண்டாம் தாளையும் பிள்ளையின் கையிலேயே கொடுத்து, எங்கே தன் கருத்து மாறியிருக்கிறது என்று அதையே குறிக்கச் சொல்லலாம். ஐம்பது பேர் உள்ள வகுப்பில் திருத்தும் வேலையும் அதனால் பாதியாகக் குறையும்.